தொட்டியை வரைந்தது யார்?

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஒரு கணினி சின்னவளின் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைத்தது. நுழைத்தது கணினியா, அதற்குக் கதவைத் திறந்துவிட்டது அவர்கள் வீட்டு ஆளேதானா என்பதில் இன்றுவரை அங்கே ஒத்த கருத்து இல்லை.

சின்னவள் என்றதும் பள்ளிக்கூடப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தொடப்போகிறவள். இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் பிறந்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர், இன்னும் உதிரவில்லை. அக்கா கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். சின்னவளும் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அது சரிப்பட்டு வரவில்லை. திரும்பி வந்து அப்பா அம்மாவோடு நாலாவது மாடியில் இருக்கிறாள். அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு கணினிக்கு உலக ஞானம் புகட்டுகிறார்கள். இணையத்தில் யார் யாரோ எழுதிவைத்திருக்கும் பக்கங்களை அது ஓயாமல் ஒழியாமல் படிக்கும். படித்து, இன்ன பாலம் இன்ன ஆற்றின் மேல் இருக்கிறது, இன்னார் இன்ன வருஷம் பிறந்தார் என்று ஒற்றை ஒற்றை வரியாக உண்மைகளைப் பிழிந்து எடுக்கும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதில் தனக்கு எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று ஓர் எண்ணையும் போடும். அந்த வரிகள் இருபத்திரண்டு பேருடைய திரைகளில் வந்து நிற்கும். சரி, தவறு, தெரியவில்லை என்று மூன்று பொத்தான்கள். பார்த்துப் பார்த்து அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க அதற்குப் புத்தி வரும் என்பது ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் படிப்பாளி.

படிப்பாளி படித்த லட்சணத்தைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் என்று ஒரு மாதம் அடம்பிடித்தது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவர்கள் அந்தத் தேதியைப் போட்டுத் தள்ளிவிடுகிறார்கள் என்பது பாவம், அதற்கு எப்படித் தெரியும்? இன்னொரு முறை இரங்கல் செய்திகளாகப் படித்துக் குவித்துவிட்டு, 'நல்ல மனிதர்' என்று யாரைப் பற்றி எழுதியிருந்தாலும் அவர் காலமாகிவிட்டார் என்று முடிவு கட்டியது. உயிரோடு இருக்கும் நல்லவர்களைக் காப்பாற்ற நாலு பேர் ஒரு வாரம் விடாமல் 'தவறு' பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை சின்னவளுக்கு வந்த வரி இதுதான்: இந்த நகரத்தின் வடக்குக் குடிநீர்த் தொட்டியை வடிவமைத்தவர் அன்றைய தலைமைப் பொறியாளர். அவருடைய பெயர் பட்டங்களோடு முழுசாக இருந்தது. நம்பிக்கை தொண்ணூற்று நாலு சதவீதம்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தொட்டியை வரைந்தது அவளுடைய அப்பா. குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடும் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைத் தெரிந்துகொள்ள அவள் எந்தப் பக்கத்தையும் படித்ததில்லை. தன் பெயர் தனக்குத் தெரிவது மாதிரி அது தெரியும். யோசிக்காமல் 'தவறு' என்று அமுக்கினாள்.

திரை சிவந்தது. 'இது சோதனைக் கேள்வி. சரியான விடை: சரி.'

சோதனைக் கேள்வி என்பது, உட்கார்ந்திருப்பவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக நடுநடுவே செருகிவைக்கும் வரி. ஏற்கெனவே அலசிப் பார்த்து முத்திரை குத்தியது. அதில் தவறினால் ஒரு கரும்புள்ளி. மூன்று வருஷத்தில் ஒரு புள்ளிகூட வாங்காதவள், பெற்ற அப்பா விஷயத்தில் போய் வாங்கிவிட்டாள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தத் தொட்டி அவர்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே நிற்கும். அது நிற்பதால்தான் அந்த வீடே உண்டானது என்றுகூடச் சொல்லலாம். அம்மா கணக்கு டீச்சர். இருபத்து நாலு வயதில், பார்க்கிற மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். தூரத்து உறவில் ஒரு மாமா இருந்தார், வாய்ஜாலக்காரர். அவர் ஒருநாள் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்து நிறுத்தி, சாரத்துக்குள்ளே எழும்பிக்கொண்டிருந்த தொட்டியைக் காட்டி, "இதை வரைஞ்ச பையனைத்தான்மா சொல்றேன்" என்றாராம். அம்மா அண்ணாந்து பார்த்தாள். சரி என்றாள். "அவர் மூஞ்சியை அப்புறந்தான் பார்த்தேன்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று வந்தவர்கள் வியப்பார்கள்.

சின்னவள் நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். அவருக்கு அலுவலகத்தில் மூணுசாட்சி என்று பெயர். மூன்று சாட்சி இல்லாமல் எதையும் நம்ப மாட்டார். வெளியே மழை பெய்கிறது என்று ஒருத்தர் சொன்னால், வேறு இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் குடையை எடுப்பார் என்று பேச்சு. மற்றபடி தங்கமான மனிதர்.

"சார், இந்த வரி தப்பு. அது எங்கப்பா வரைஞ்ச தொட்டி."

"இருக்கலாம்மா. பக்கம் எங்க?"

"பக்கமா? ஆளே வீட்ல உக்காந்திருக்காரு சார். போன் போடட்டுமா?"

"படிப்பாளி போன்ல பேசாது. படிக்கும். எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க."

"எழுதல. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னாங்க."

மூணுசாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அவ்வளவு மரியாதையாகத் துடைத்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் பிறகு. "அம்மா சொன்னது ஒரு சாட்சி. இங்க மூணு பக்கம் வேற மாதிரி சொல்லுது. ஒரு கட்டடத்துக்கு வடிவமைச்சவர்னு ஒரு கட்டம், அதுல ஒரு பேர்தான் போட முடியும். நீங்க மேல்முறையீடு போடுங்க. இந்த மூணு பக்கமும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு காப்பியடிச்சதுன்னு காட்டிட்டா, மூணும் சேர்ந்து ஒரே சாட்சிதான். வரி தானா ரத்தாகி விழுந்துடும். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"நகராட்சி அறுபது இடத்துல தகவல் பலகை வைக்குதே, அதுக்கெல்லாம் விஷயம் நம்ம படிப்பாளிதான் கொடுக்குது. அதுல தொட்டியும் இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

பலகை வரப்போவது அம்மாவுக்கு முன்பே தெரியும். தொட்டியின் கீழே போன வாரம் கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் இறங்கிப் போய் வெறும் கம்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள். எதிர்வீடு, கீழ்வீடு, மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று, அப்பாவின் பெயர் வரப்போகிறது என்று. வேறொருத்தர் பெயரோடு பலகை வந்து அங்கே நின்றால், மிச்சமிருக்கிற காலமெல்லாம் அம்மா சமையலறை ஜன்னலைத் திறக்கும்போது அது கண்ணில் குத்தும். கரும்புள்ளி கிடக்கட்டும், அம்மாவை நினைத்துத்தான் சின்னவள் பயந்தாள்.

அன்று மத்தியானமே மூன்று பக்கங்களையும் திறந்துவைத்துக்கொண்டாள். ஒன்று சுற்றுலாக்காரர்களுக்காக யாரோ நடத்துகிற தளம். இன்னொன்று நகரத்துக் கட்டடங்களைப் பற்றி ஒருவர் பொழுதுபோக்காக எழுதிவருகிற பக்கம். மூன்றாவது, குடிநீர் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் சங்கத் தளத்தில், உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம். மூன்றையும் ஒருமுறை படித்தாள், இரண்டாம் முறை படித்தாள், மூன்றாம் முறை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். மூன்றிலும் 'பதினொரு தூண்களின் மேல் நிற்கும் தொட்டி' என்று இருந்தது.

தொட்டிக்குப் பன்னிரண்டு தூண்கள். சின்ன வயதில் அம்மா அவளுக்கு வகுத்தலே அந்த ஜன்னலில் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள், பன்னிரண்டை மூன்றாகப் பிரி, நாலாகப் பிரி என்று. பரீட்சையில் காப்பியடித்தவனை டீச்சர் எப்படிப் பிடிப்பாள்? சரியான விடையை வைத்தா பிடிப்பாள்? பக்கத்துப் பையன் செய்த தப்பு அப்படியே இவன் தாளிலும் இருக்கும், அதை வைத்துத்தான். டீச்சர் பெற்ற பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? தேதிகளைப் பார்த்தாள். சங்கத் தளத்தில் இருந்ததுதான் மூத்தது, ஆறு வருஷம் பழசு. மற்ற இரண்டும் அதைப் பார்த்துச் சுட்டவை. ஜெயித்தாயிற்று என்று அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

மூலத்தை முழுசாகப் படித்துவிடலாம் என்று சங்கத் தளத்தில் இன்னும் உள்ளே போனாள். உறுப்பினர்கள் எழுதும் கடிதப் பகுதி அது.

'வடக்குத் தொட்டியை நான் வடிவமைத்ததாகச் சிலர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அது உண்மையல்ல. பதினொரு தூண்களின் மேல் நிற்கும்படி அதை வடிவமைத்தவர் அன்றைய தலைமைப் பொறியாளர். நான் வெறும் வரைவாளன். இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லத் தைரியம் வராததால் இங்கே எழுதிவைக்கிறேன்.'

கீழே அப்பாவின் பெயர் இருந்தது.

இது நிஜமா? நிஜம் என்றால் அம்மா சொன்னது? அப்பாவே எழுதியிருக்கிறார் என்றால் அப்புறம் மூன்று சாட்சி எதற்கு? ஆனால் அப்பா எழுதியதும் எப்படிச் சரியாகும்? வடிவமைத்தவரோ வரைந்தவரோ, அந்தத் தொட்டிக்கு எத்தனை தூண் என்றுகூடவா ஒரு மனிதருக்குத் தெரியாது? மறதி வந்துவிட்டதா? போன வாரம்கூட மின்கட்டண அட்டையின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னாரே. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இன்னொரு பக்கம் சிக்கு விழுந்தது.

அதைவிடக் கேவலமான ஒன்று கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு உறைத்தது. தொட்டி அப்பாவுடையது என்று அவளுக்குச் சொன்னது அம்மா. அக்காவுக்குச் சொன்னதும் அம்மா. எதிர்வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் சொன்னதும் அம்மாதான். அம்மாவுக்குச் சொன்னது அந்த வாய்ஜால மாமா. ஆக, இத்தனை வருஷமாக ஒரு குடும்பமும் ஒரு தெருவும் நம்பிக்கொண்டிருந்ததற்கு ஒரே ஒரு சாட்சி, அதுவும் பேருந்து நிறுத்தத்தில் பெண்ணை மடக்கிப் பேசியவர். படிப்பாளியைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

விதிப்படி அவள் பக்கம் ஜெயம். மூன்றும் ஒன்றுதான் என்று எழுதிப் போட்டால் வரி விழுந்துவிடும், பலகையில் அந்தப் பொறியாளர் பெயர் வராது, அம்மாவுக்கு எதுவும் தெரியாமலே போய்விடும். ஆனால் அவள் பொய் என்று தள்ளிவிடப்போவது அப்பா மனசைத் திறந்து எழுதிய ஒரே கடிதத்தை. வியாழக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா அன்று சீக்கிரமே கம்பத்தைப் பார்க்கப் போயிருந்தாள். அப்பா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்டால் மடிப்பு அளவுகோல் வைத்த மாதிரி இருக்கும்.

"அப்பா, சங்கத்துக்கு நீங்க எழுதின லெட்டரைப் படிச்சேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அதை யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"கம்ப்யூட்டர் படிச்சுது."

"அது எதுக்கு அதைப் போய்ப் படிக்குது?"

"எல்லாத்தையும் படிக்கும்ப்பா. அதுக்கு வேற பொழப்பு இல்ல. சட்டை கருகுது பாருங்க."

அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அந்தத் தொட்டி உங்களுது இல்லையா?"

"இல்ல." முக்கோணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "முழுசா இல்ல" என்றார்.

"அதென்ன முழுசா இல்ல? எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல இருக்குப்பா. பதினொரு தூண்னு எழுதியிருக்கீங்க. அங்க பன்னெண்டு நிக்குது."

"பதினொண்ணா?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் டீச்சர்தான் அவள். என்ன பேச்சு, எதற்கு என்றுகூடக் கேட்காமல், "வட்டத்தை வெறும் காம்பஸ் வச்சுப் பதினொண்ணாப் பிரிக்க முடியாதே. எவன் அப்படிக் கட்டுவான்?" என்றாள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. "அதேதான்" என்றார். "பிரிக்க முடியல."

அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. இஸ்திரி மேஜையைப் பார்த்துத்தான் சொன்னார், அம்மாவைப் பார்க்கவில்லை.

"திட்டம் அவரு போட்டது. தூணுக்குள்ள போடற கம்பி அவ்வளவுதான் கிடைக்கும்னு பதினொரு தூண் போட்டிருந்தாரு. அதை நான் சுத்தமா வரைஞ்சு மறுநாள் காலையில குடுக்கணும். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். கோணமானியை வச்சு மூணு தடவை பிரிச்சேன். ஒவ்வொரு தடவையும் கடைசி இடைவெளி உதைச்சுது. யாரையாவது கேட்கலாம், வெட்கம். பன்னெண்டாப் பிரிச்சா கச்சிதமா வந்துது. வரைஞ்சு குடுத்துட்டேன். அவரு பாக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அப்புறம்?" என்றாள் சின்னவள்.

"தூண் எல்லாம் ஆள் உயரத்துக்கு வந்தப்புறந்தான் எண்ணிப் பாத்தாரு. என்னைக் கூப்பிட்டு, நீயும் வாயைத் திறக்காதே, நானும் திறக்கலைன்னு சொல்லிட்டாரு. பதினொரு தூணுக்கு வந்த கம்பியைப் பன்னெண்டுக்கும் பங்கு போட்டாங்க. இப்ப அவரும் இல்ல. லெட்டர்ல நான் பொய் எழுதல. அவரு போட்டது பதினொண்ணுதான்."

சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் இன்னும் செருப்பு.

"அந்த மாமா என்கிட்ட வந்து சொன்னது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

"அன்னிக்கே இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா?"

அம்மா செருப்பைக் கீழே வைத்தாள். "சரி, எனக்குச் சொல்ல வேண்டாம். ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்கீங்களே. யாருன்னே தெரியாத கம்ப்யூட்டருக்குத் தெரியுது. அதைப் பாத்துக் காப்பியடிச்சவனுக்கெல்லாம் தெரியுது. நான் ஒருத்திதான் மருந்துக்கடையில போய்ப் பெருமை பீத்திக்கிட்டு நிக்கறேன்."

"இதுக்குத்தான் சொல்லப் பயந்தேன்."

"என்ன பயம்? திட்டுவேன்னா?"

"அது மட்டும் இல்ல." அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "கம்பி குறைச்சல்மா. மழைக்காலம் வந்து தொட்டி நிறைஞ்சா எனக்குத் தூக்கமே வராது. கண்ணை மூடினா அது சாயற மாதிரி இருக்கும். எழுந்து போய் ஜன்னல்கிட்ட நின்னுடுவேன். விடிஞ்சப்புறம் வந்து படுப்பேன்."

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சோதனை பண்றாங்களே. ஒரு விரிசல்கூட இல்லைன்னு எழுதறாங்களே. அதைப் படிக்கலையா நீங்க?"

"ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். நம்ப முடியல."

"எத்தனை வருஷமா இப்படி?"

"நாப்பத்து நாலு."

அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். "நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. சாப்பாடு வந்தது, தட்டுகள் போயின. சின்னவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே விளங்கவில்லை. அப்பா மேல் கோபம் வந்தது, பார்த்தால் பாவமாக இருந்தது. மாமா மேல் வந்தது, அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம். கடைசியில் படிப்பாளி மேல் வந்தது. எதைப் படிப்பது எதை விடுவது என்று இங்கிதம் தெரியாத ஜென்மம் என்று மனசுக்குள் வைதாள். வைது என்ன பிரயோசனம், அது எழுதிவைத்ததைத்தான் படித்தது.

வெள்ளிக்கிழமை காலை மூணுசாட்சியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், சோதனை அறிக்கைகளையும் கையோடு எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"அப்ப வடிவமைச்சவர் யாரு?"

"தெரியல சார். திட்டம் அவரு போட்டது, ஆனா அது அங்க நிக்கல. நிக்கறது எங்கப்பா வரைஞ்சது. ஆனா அவரு அதைத் தப்புன்னு சொல்றாரு."

"ரெண்டு பேரையும் போட்டா?"

"கட்டம் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க."

மூணுசாட்சி தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் திணறினார். "ஒண்ணு பண்ணுங்களேன். இப்ப சொன்னதையெல்லாம் அப்பாவை ஒரு பக்கமா எழுதிப் போடச் சொல்லுங்க. படிப்பாளி படிச்சுக்கும்."

"வேண்டாம் சார். ஒரு தடவை எழுதினதே எங்க வீடு தாங்கல."

மேல்முறையீட்டில் மூன்று பக்கங்களும் ஒன்றுதான் என்று எழுதினாள். தூண்கள் பன்னிரண்டு என்று எழுதி, ஜன்னலில் இருந்து எடுத்த படத்தை இணைத்தாள். வரி விழுந்தது. உடனே அதே கேள்வி வெறும் கேள்வியாகத் திரும்ப வந்தது: வடக்குத் தொட்டியை வடிவமைத்தவர் யார்? ஒரு பெயர் எழுத இடம், பக்கத்தில் 'தெரியவில்லை'. அப்பாவின் பெயரை எழுதிப் பார்த்தாள். அழித்தாள். பொறியாளர் பெயரை எழுதினாள். அதையும் அழித்தாள். 'தெரியவில்லை' என்று அமுக்கினாள். பலகையில் உயரமும் கொள்ளளவும் வருஷமும் போகும், பெயர் இருக்காது. கரும்புள்ளியை எடுத்துவிடட்டுமா என்று மூணுசாட்சி கேட்டார். அன்று அவள் அமுக்கியதும் தெரிந்து அமுக்கியதில்லை, இருக்கட்டும் என்றாள்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று படிக்குப் படி யோசித்துக்கொண்டு நாலு மாடி ஏறினாள். கதவு திறந்துதான் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் அம்மாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு முன்னால் பள்ளிக்கூட நாளைய லாக், சைன் அட்டவணைப் புத்தகம், ஒரு காம்பஸ், ஒரு அளவுகோல். பெரிய தாளில் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"நூத்தி எண்பதைப் பதினொண்ணால வகுங்க" என்று அதட்டினாள்.

"பதினாறு டிகிரி, இருபத்திரண்டு நிமிஷம்" என்றார் அப்பா, மாணவன் மாதிரி.

"அதுக்கு சைன் பாத்து, ஆரத்தால பெருக்கி, ரெண்டால பெருக்கணும். ஆரம் பத்து. அஞ்சு புள்ளி ஆறு மூணு. இப்ப காம்பஸை அந்த அளவுக்குத் திறந்து வச்சுக்கிட்டுச் சுத்தி வாங்க." அவளே வைத்துக்கொண்டு வட்டத்தின் மேல் குத்திக் குத்திச் சுற்றினாள். பதினொன்றாவது குத்து, தொடங்கின புள்ளியிலேயே போய் உட்கார்ந்தது. "பாத்தீங்களா? ரெண்டு நிமிஷம். இதுக்குப் போய்..."

"பலகையில பேரு வராதும்மா" என்றாள் சின்னவள் வாசலில் நின்றபடியே. "யாரு பேரும் வராது."

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை. "சரி" என்றாள். மறுபடி அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாதே."

"அப்புறம் தெரிஞ்சுதே."

அப்பா மேஜையில் இருந்த வட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, பதினொரு புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அம்மா காம்பஸை மூடி டப்பாவில் வைத்தாள்.

"இனிமே மழை பெஞ்சா என்னையும் எழுப்புங்க" என்றாள். "நானும் வந்து நிக்கறேன்."

அப்பா அழுதுகொண்டே தலையாட்டினார்.